மனநல ஆலோசனையும் ரகசியக் காப்பும்

கவுன்சலிங் என்பதற்குத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஆறு என்றால் வழி. சூடு தணியச் செய்வதும் ஆற்றுதல்தான். இரு பொருளும் இத்தொழிலுக்குப் பொருந்தும். ஆனாலும் நம் வீடுகளில் ‘ஆலோசனை’ என்றே சொல்கிறோம். எங்கள் சமண நூல்களில் ஆலோசனை என்பது அறிவுரை அன்று. மனத்தில் உள்ளதை குருவிடம் ஒளிக்காமல் சொல்லுதல். அதாவது பேசுகிறவர் வந்தவர், குரு கேட்பவர். அந்தக் குருவுக்கு வேண்டிய குணங்களில் ‘அபரிஸ்ராவி’ என ஒன்றை பகவதி ஆராதனை சொல்கிறது. கேட்டது கசியாதவர் என்று பொருள்.

இன்றைய தகராறு பெரும்பாலும் இந்தக் கசிவைப் பற்றியதுதான். கடைக்கு வரும் நண்பர் ஒருவர், “பையன் என்ன சொன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க, ஃபீஸ் குடுக்கறது நான்தானே?” என்று பொரிந்தார். பையனுக்கு இருபத்துமூன்று வயது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பதினெட்டு நிறைந்தவர் தம் சார்பாளராக யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரசீது பணம் கட்டியவருக்குத்தான், பேச்சு அப்படியல்ல என்றேன். நண்பருக்கு ரசிக்கவில்லை.

அதற்காகக் குடும்பத்தை வெளியே நிறுத்த வேண்டும் என்பதும் என் கட்சியல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். அதனால் பலன் கிடைத்தது. எதை வீட்டாரிடம் சொல்லலாம் என்று முதல் நாளே வந்தவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை இல்லை.

நம்மைப் போல் வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம், மொழி. மும்பையில் ஒரு வயதான அம்மாள் “நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது” என்பார். அதை மருமகள் இந்தியில் மாற்றிச் சொல்லும்போது இதய நோய், வயிற்றுப்புண் என்று ஆகிவிடும். அம்மாளின் குறையே மருமகளைப் பற்றியதாக இருந்தால்? ரகசியமும் போச்சு, வைத்தியமும் போச்சு. மொழிபெயர்க்க வீட்டாரைப் பயன்படுத்துவது வேறு வழியே இல்லாதபோது மட்டும் இருக்கட்டும்.

2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416-ஐ அழைத்தால் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழும் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரிடம் காணொளியில் பேசுவதும் கொரோனாவுக்குப் பிறகு சகஜமாகிவிட்டது. ஒரே அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான் சிக்கல். மொட்டை மாடி, நிறுத்திய கார், பூட்டிய கடை என்று எங்காவது ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

யாரிடம் போவது? மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுவதற்கோ அப்படியொரு கட்டாயம் நெடுங்காலம் இருந்ததில்லை. ஆலோசகர்களையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்தது 2021-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே படிப்பு என்ன, பயிற்சி எங்கே, பதிவு எண் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரிடம் நான் சரக்கே எடுப்பதில்லை.