அறுவை செய்த தோள் மறுபடியும் நழுவினால்

திருப்பதி, சித்தூர் பக்கம் யாருக்காவது தோள் இறங்கிவிட்டால் முதலில் வாயில் வரும் பெயர் புத்தூர். தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளும் ஊர். அந்தக் கட்டை நம்புகிறவர்களோடு இங்கே வழக்காடப் போவதில்லை. ஆனால் அடிக்கடி நழுவும் தோளில் கோளாறு வெளிக்கட்டு எட்டாத ஆழத்தில் இருக்கிறது.

உள்ளே எது கிழிகிறது?

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. கை எல்லாப் பக்கமும் சுழல்வது அதனால்தான். கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்து வளையமும் மூட்டு உறையும் எலும்புப் பந்தைப் பிடித்து வைக்கின்றன. கபடியில் கை முறுக்கி இழுபடும்போது பந்து முன்பக்கம் நழுவி, அந்த வளையத்தை விளிம்பிலிருந்து பெயர்த்துவிடுகிறது. 1923இல் இதை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் பேங்கார்ட்டின் பெயரையே இந்தக் காயத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்ந்ததைத் தைத்துப் பொருத்துவதே வழக்கமான முதல் அறுவை. இளவயதில் நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம்.

முதல் அறுவை ஏன் தோற்றது?

இதற்கு விடை தெரியாமல் இரண்டாவது அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். பல நேரம் காரணம் எலும்பு. நழுவும்போதெல்லாம் கிண்ணத்தின் முன்விளிம்பு தேய்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் தையல் மட்டும் தாங்காது, சி.டி. ஸ்கேனில் அளவு தெரியும். அப்போது பிரெஞ்சு மருத்துவர் லாட்டர்ஜே 1954இல் சொன்னபடி, பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றைத் தசையோடு நகர்த்தி, தேய்ந்த விளிம்பில் திருகாணியால் பொருத்துவார்கள். வலிப்பிலும் தோள் நழுவும், ஆகவே அந்த நோய் இருந்தால் அதை முதலில் கட்டுப்படுத்த வேண்டும்.

தசைநாண் ஒட்டு யாருக்கு?

எலும்பு சரியாக இருந்தும், தைக்க ஏற்ற உறையே மிஞ்சாதவர்களுக்கு. தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்தோ, கொடையாகக் கிடைத்த குதிகால் தசைநாணைக் கொண்டோ, கிண்ண விளிம்புக்கும் கையெலும்புக்கும் இடையே புதிய முன்சுவர் கட்டுகிறார்கள். டொரன்டோ அறுவை மருத்துவர் காலி (Gallie) இதற்கு வெகு முன்பே தொடைச் சவ்வுப் பட்டையால் தோளைக் கட்டிப் பார்த்தவர்.

இது பிற வழிகள் அடைபட்டபின் செய்வது. முதல் அறுவை அளவுக்குப் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மறுபடி நழுவலாம், மூட்டு இறுகலாம், பிற்காலத்தில் தேய்மானமும் வரலாம். ஒட்டிய தசைநாணுக்குள் ரத்தக்குழாய் வளர மாதங்கள் பிடிக்கும். ஆகவே சில வாரம் கை தூளியில்தான், பிறகு பிசியோதெரபி. கபடிக் களத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் போகக்கூடாது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

எலும்பு, மூட்டுக்கென்றே திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை திருப்பதியில் இருக்கிறது. ஸ்விம்ஸ், ரூயா மருத்துவமனைகளும் அங்கேயே. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம். எங்கே போனாலும் முதல் அறுவையின் குறிப்பும் பழைய ஸ்கேன் படங்களும் அவசியம். பழைய காகிதம்தானே என்று பலர் அவற்றைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள்.

தோள் நழுவிய உடனே யாரையும் இழுத்துப் போட விடாதீர்கள். எக்ஸ்-ரே முதலில். மேற்கையின் வெளிப்புறத் தோல் மரத்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நரம்பு அடிபட்டிருக்கலாம்.