களத்தில் எடுத்த படிகக் கற்கள்: இனங்காணலும் பதிவு செய்தலும்

பள்ளி அறிவியல் கூட அலமாரிகளில் பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடக்கும். திறந்தால் உள்ளே பளபளவென்று கற்கள். எப்போதோ ஓர் ஆசிரியர் ஆசையாகச் சேர்த்தவை. அவர் பணி ஓய்வு பெற்றுப் போயிருப்பார். எந்தக் கல்லு எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. கல்லின் பெயரை இப்போது சோதித்துக்கூட கண்டுபிடித்துவிடலாம். அது கிடைத்த இடத்தைப் பள்ளிக்கூடத்தில் எந்தச் சோதனை செய்தும் மீட்க முடியாது.

நம் நாட்டில் இது சின்ன இழப்பு இல்லை. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கருங்கல் மலைத்தொடர், நடுவில் சுண்ணாம்புக்கல் குன்றுகள். 1985இல் ஈய விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல இடங்கள் இன்று குளமாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. அங்கே போய் இன்னொரு மாதிரி எடுக்க வழியில்லை.

ஆகவே முதல் வேலை களத்திலேயே முடிய வேண்டும். கல்லைக் கையில் எடுக்கும் முன், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடியுங்கள். எடுத்தவுடன் எண் கொடுத்து, எண் எழுதிய சீட்டோடு நாளிதழில் சுற்றித் தனிப் பையில் போடுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். "ஈப்போ" என்று மட்டும் எழுதினால் போதாது. கைப்பேசி காட்டும் இட ஆள்கூறுகள், தேதி, எடுத்தவர் பெயர், கல் பாறையோடு ஒட்டியிருந்ததா அல்லது ஆற்று மணலில் உதிரியாகக் கிடந்ததா என்பதெல்லாம் வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் படம் மட்டும் போதும், சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இனி, "சார், இது என்ன கல்லு?" என்ற கேள்வி. நிறத்தை வைத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். நிறம்தான் அதிகம் ஏமாற்றும்.

வெள்ளையாக, கண்ணாடி போல இருப்பவற்றில் குவார்ட்ஸையும் கல்சைட்டையும் பிரிப்பது சுலபம். குவார்ட்ஸின் கடினம் 7, கண்ணாடியைக் கீறும். கல்சைட்டின் கடினம் 3. இரும்பு ஆணியே அதைக் கீறிவிடும். கல்சைட் உடைந்தால் சாய்ந்த பெட்டி போன்ற துண்டுகளாகப் பிளக்கும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது, உடைந்த தடித்த கண்ணாடி போல வளைந்த பரப்பைக் காட்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கல்சைட் நுரைக்கும். ஆறு பக்கப் படிகமாக இருந்தால் பக்கங்களுக்கிடையே உள்ள கோணத்தை அளந்து பாருங்கள். குவார்ட்ஸ் படிகம் எவ்வளவு கோணலாக வளர்ந்திருந்தாலும் அந்தக் கோணம் 120 பாகைதான். படிகக் கோணங்கள் மாறாமல் இருப்பதை 1669இலேயே ஸ்டெனோ கவனித்து எழுதினார்.

கறுப்புக் கற்களில்தான் குழப்பம் வரும். கிந்தாவில் கிடைப்பது கேசிட்டரைட்டாகவும் இருக்கலாம், கறுப்பு டூர்மலினாகவும் இருக்கலாம். இரண்டும் பளபளக்கும், இரண்டும் கண்ணாடியைக் கீறும். டூர்மலின் படிகத்தில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். அதன் குறுக்குவெட்டு உப்பிய முக்கோணம் போல இருக்கும். ஆற்றில் உருண்டு தேய்ந்த கல்லில் இவை தெரியாது. அப்போது அடர்த்தியை அளக்க வேண்டும்.

மின்னியல் தராசில் முதலில் கல்லை நிறுங்கள். பிறகு நீர் உள்ள முகவையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியைத் தொடாதபடி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம் அளவு, கல்லின் பருமனைக் கன சென்டிமீட்டரில் தருகிறது. 34 கிராம் கல்லுக்குத் தராசு 5 காட்டினால் அடர்த்தி 6.8, அதாவது கேசிட்டரைட். அதே 34 கிராமுக்கு 11 காட்டினால் ஏறத்தாழ 3.1, டூர்மலின். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு அது எதற்குப் பயன்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு சொல் விளக்கம். கேசிட்டரைட் தரும் உலோகத்தை நாம் பேச்சில் "ஈயம்" என்கிறோம், "ஈயச் சுரங்கம்" என்கிறோம். விடைத்தாளில் வெள்ளீயம் என்றே எழுதுங்கள். காரீயம் வேறு உலோகம். "பளிங்கு" என்ற சொல்லும் இப்படித்தான். சலவைக்கல்லையும் குறிக்கும், தெளிந்த படிகத்தையும் குறிக்கும். பதிவேட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈயம் பிரித்தபின் மிஞ்சும் "அமாங்" மணலில் மோனசைட் இருக்கும். அதில் கதிரியக்கத் தோரியம் உண்டு. அதை வகுப்பில் அரைக்கவோ, மேசை டிராயரில் வைத்திருக்கவோ வேண்டாம்.

பதிவு செய்யும்போது, கல்லின் கண்ணில் படாத மூலையில் சிறிது வெள்ளைச் சாயம் தடவி, காய்ந்ததும் எண்ணை எழுதி, மேலே நிறமில்லா நகப்பூச்சு பூசுங்கள். எண்ணில் கனிமப் பெயரைச் சேர்க்காதீர்கள். இன்று டூர்மலின் என்று எழுதுவது நாளை மாறலாம். எண் மாறக் கூடாது. பதிவேட்டில் இடம், தேதி, எடையோடு, எந்தச் சோதனையால் இந்தப் பெயருக்கு வந்தோம் என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். உறுதி இல்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவதில் வெட்கமில்லை. பழைய சீட்டில் இருக்கும் பெயர் தவறு என்று தெரிந்தாலும் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். புதியதை அதனுடன் சேர்த்து வையுங்கள். அந்தப் பழைய சீட்டில்தான் இடத்தின் பெயர் இருக்கும்.