மீண்டும் வாசலில் கோலம்

இறப்பு நேர்ந்த வீட்டில் அன்று அடுப்பு எரிவதில்லை. உறவினரோ அண்டை வீட்டாரோ சமைத்து அனுப்புவதே அன்றைய உணவு. அடுத்து வரும் நாட்களிலும் வாசலில் கோலமில்லை, பூஜை அறையில் விளக்கில்லை, இலையில் இனிப்பில்லை. தீட்டு என்ற ஒரு சொல்லில் அடங்கும் இவ்விலக்குகளைப் பலரும் கட்டுப்பாடு என்றே எண்ணுகின்றனர். ஆனால் முன்னோர் இவற்றுக்கு ஒரு முடிவு நாளையும் சேர்த்தே குறித்து வைத்தனர். சில குடும்பங்களில் 13ஆம் நாள் சுபம். வேறு பல குடும்பங்களில் 16ஆம் நாள் கருமாதி.

அந்த முடிவு நாளில் நடப்பவற்றைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். சம்பந்தி வீட்டார் புத்தாடை கொண்டு வருகின்றனர். சில ஊர்களில் மாமன், மைத்துனர் முறையினர் தலைப்பாகை கட்டிவிடுகின்றனர். இலையில் பாயசம் விழுகிறது. விளக்கேற்றிய பின் உறவினர் உடன்சென்று கோயிலுக்கு அழைத்துப் போகின்றனர். இவற்றுள் எதையும் துயருற்றவர் வாய்திறந்து கேட்பதில்லை. கேட்கவும் அவருக்கு மனம் வராது. அதனாலேயே அவரைக் கைப்பிடித்து அழைத்து வரும் பொறுப்பு சுற்றத்தாரிடம் விடப்பட்டது.

சடங்கு முடிந்தால் அழுகையும் முடிந்துவிடும் என்று நூல்கள் சொல்லவில்லை. வால்மீகி இராமாயணத்தில் தசரதனுக்குப் பன்னிரண்டாம் நாள் வரை கடன்களைச் செய்து முடித்த பரதன், பதின்மூன்றாம் நாள் காலையில் ஈமச் சாம்பலைக் கண்டதும் தரையில் விழுந்து கதறுகிறான். வசிட்டர் அவனை எழுப்பி, பசியும் தாகமும், சோகமும் மோகமும், மூப்பும் மரணமும் எல்லா உயிர்க்கும் பொது என்று தேற்றுகிறார். மறுநாள் விடியலிலேயே அமைச்சர்கள் அரசுரிமை பற்றிப் பேச வந்துவிடுகின்றனர். அழுத கண் உலரும் முன்பே கடமை வந்து நிற்பது அரசனுக்கு மட்டும் உரியதன்று.

தமிழகத்தில் இதைத் தெளிவாகக் காட்டுபவர் திலகவதியார். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர். மருள்நீக்கியாருக்கு, அதாவது பின்னாளில் அப்பர் என்று உலகம் போற்றியவருக்குத் தமக்கையார். தந்தை நோயால் மறைய, தாயும் அவரைத் தொடர்ந்தார். மணம் பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்த செய்தியும் வந்து சேர்ந்தது. உயிரை விடத் துணிந்த திலகவதியாரின் அடிகளில் தம்பி விழுந்து, தமக்கை இல்லையேல் தாமும் இருக்கப் போவதில்லை என்றார். அந்தச் சிறுவனுக்காகவே அவர் உயிர் தாங்கினார்.

அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் சேக்கிழார் நிதானமாகச் சொல்கிறார். பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்தில், பொழுது புலரும் முன் எழுந்து கோயிலை அலகிட்டார்; சாணத்தால் மெழுகினார்; பூப்பறித்து மாலை தொடுத்தார். பெரும் தத்துவம் எதையும் அவர் நாடியதாகத் தெரியவில்லை. துடைப்பம், சாணம், பூக்கூடை ஆகியவையே அவர் நாளை நிரப்பின. பொன்னணி பூணாத கைகள்தாம். ஆனால் அவை மலர் தொடாத நாளில்லை.

துணையை இழந்த முதியவர்களுக்குக் கடினமான காலம் தொடங்குவது, காரியத்துக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிய பின்புதான். பழக்கத்தில் கை இரண்டு தம்ளர் காப்பியை எடுத்து வைக்கிறது. பேரன் ஏதோ சொல்ல வாய்விட்டுச் சிரித்த மறுகணமே, சிரித்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு நெஞ்சைக் குத்துகிறது. ரசம் சுவையாக இருந்தது என்று சொல்லவும் நாக் கூசுகிறது. மறைந்தவருக்குச் செய்யும் துரோகமாக இதைக் கருதுவோர், திவச நாள் சமையலை நினைத்துப் பார்க்கலாம். எள்ளுருண்டையும் அதிரசமும் பாயசமும் மறைந்தவர் பெயராலேயே ஆக்கப்படுகின்றன. வீட்டாரும் அவற்றை உண்கின்றனர்.

ஓராண்டு முழுதும் கோயில் வாசலையே மிதிக்கலாகாது என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. மலைக்கோயில் ஏறுவதையும் திருவிழாக்களில் முன்னிற்பதையும் தவிர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். அதைக் குடும்பத்துப் பெரியவரிடமோ புரோகிதரிடமோ கேட்டுத் தெளியலாம். அதற்காக, நாள்தோறும் மாலையில் போய் அமர்ந்த பிராகாரத் திண்ணையையே ஒருவரிடமிருந்து பறிப்பது கொடுமை. ஆறுதல் மிக வேண்டிய காலத்தில் அது அவருக்கு மூடப்படுகிறது. கணவனை இழந்த பெண்களுக்கு இந்தக் கதவு இன்னும் இறுக்கமாகவே சாத்தப்பட்டு வந்தது. பூவும் பொட்டும் மறுக்கப்பட்டு, மங்கல நிகழ்ச்சிகளில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட பாட்டிமார் எத்தனையோ பேர். இன்று பேத்திகள் வற்புறுத்திப் பூ வைத்துவிடும் வீடுகளும் உள்ளன. அங்கே எந்தத் தெய்வமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொடக்கத்துக்குச் சிறு செயல்கள் போதும். விடியற்காலையில் வாசல் தெளித்து நான்கு புள்ளிக் கோலம் ஒன்று. துளசிக்கு ஒரு செம்பு நீர். கோயிலுக்கென்று அரை முழம் மல்லிகை தொடுப்பது. முழங்கால் வலிப்பவர்கள் கற்பூரத் தட்டு துலக்கிக் கொடுக்கலாம், நந்தவனத்துப் பூவை ஆய்ந்து தரலாம். பிரசாதமாகக் கிடைக்கும் சர்க்கரைப் பொங்கலைப் பிறரிடம் தள்ளிவிடாமல், தாமும் ஒரு வாய் உண்ணலாம்.

துக்க ஆண்டின் தீபாவளியன்று அந்த வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார் தத்தம் வீட்டு இனிப்பைக் கொண்டுவந்து தருவார்கள். தட்டை அப்படியே மூடி வைத்துவிடாமல் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டால், அதை ஏந்தி வாசலில் தயங்கி நின்றவர் உள்ளே வந்து சிறிது நேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போவார்.