வழி திருப்பும் ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘டைவேர்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஆற்று நீரை வேறு வாய்க்காலிற் செலுத்துவதற்கும் அச்சொல்லே வழங்கும். அழுகின்ற குழந்தைக்குக் கிலுகிலுப்பையைக் காட்டி அழுகையை மறக்கச் செய்வதற்கும் அச்சொல்லே வழங்கும். பகைவனை ஏமாற்றி அவன் படையை வேறு திக்கிற்கு இழுப்பதும், ஒரு பணிக்கென ஒதுக்கிய பணத்தை மற்றொன்றிற் செலவிடுவதும், வேடிக்கைக் கதை சொல்லி ஒருவரைச் சிரிக்கவைப்பதும் அவ்வொரு சொல்லாலேயே குறிக்கப்படும். அகராதியைத் திறந்து பார்க்கும் மாணவன், ‘திசைதிருப்பு’ என்ற பொருளுக்கு அருகிலேயே ‘மகிழ்வி’ என்ற பொருளையும் கண்டு திகைப்பது இயல்பே. வழியை மாற்றுவதற்கும் மனத்தை மகிழ்விப்பதற்கும் என்ன உறவு? இவ்வினாவுக்குரிய விடை அச்சொல்லின் பிறப்பிலும் வளர்ச்சியிலும் அடங்கியிருக்கின்றது. அவ்விடையை அறிந்தவர், செய்தியிலும் இலக்கியத்திலும் அச்சொல் வரும்போது அதனை மயக்கமின்றிப் பொருள் கொள்வர்.

இச்சொல்லின் தாய்வீடு இலத்தீன் மொழி. அம்மொழியில் ‘வெர்த்தெரே’ என்றால் திருப்புதல். உழவன் சால் முடிவில் ஏரைத் திருப்புவதும், நூலாசிரியன் கிரேக்க நூலொன்றைத் தன் மொழிக்குத் திருப்புவதும் உரோமருக்கு இவ்வொரு வினையே. திருப்பிய ஏர் கிழித்த சாலுக்கு ‘வெர்சுஸ்’ என்று பெயர். ஏட்டில் எழுதிய வரியும் சால் போலத் தோன்றியமையால் அதற்கும் அப்பெயரே ஆயிற்று. செய்யுளைக் குறிக்கும் ‘வேர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் அதன் வழிவந்தது.

தமிழ்ச் செவிக்கு இக்குடும்பம் முற்றிலும் அந்நியமானதன்று. வடமொழியில் ‘வ்ருத்’ என்பது சுழலுதல், திரும்புதல் எனப் பொருள்படும் வேர். இலத்தீன் வினையும் இவ்வேரும் ஒரு பழைய மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு. அவ்வேரிலிருந்து வந்த ‘விருத்தம்’ தமிழிலும் செய்யுளுக்குப் பெயராக நிற்கின்றது. ஆங்கிலேயரின் ‘வேர்சும்’ தமிழரின் விருத்தமும் தூரத்து உறவினர் என்பது எண்ணுதற்கு இனிய செய்தி. தாளச்சுற்றைக் குறிக்கும் ‘ஆவர்த்தனம்’, கைமாற்றைக் குறிக்கும் ‘பரிவர்த்தனை’, குறை நீக்குதலைக் குறிக்கும் ‘நிவர்த்தி’ ஆகியனவும் அவ்வேரிலிருந்து முளைத்தவையே.

‘வெர்த்தெரே’ என்பதன் முன்னே வெவ்வேறு முன்னொட்டுக்கள் சேர்ந்து வெவ்வேறு சொற்கள் பிறந்தன. இவற்றுள் இரண்டு ஒலியால் மிக நெருங்கியவை. ஒன்று, வேறுவேறாகப் பிரிந்து செல்லுதலைக் குறிப்பது. மற்றொன்று, செல்லும் வழியைவிட்டு ஒருபுறமாக விலகுதலைக் குறிப்பது. காலப்போக்கில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ‘டைவேர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அடித்தளமாய் அமைந்தது இக்கலப்பே.

வழியைவிட்டு விலகுதல் என்ற பொருளின் பழைய தடம் ஒன்று கிறித்தவ வேதத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பிற் காணப்படுகின்றது. பெத்லகேமில் இயேசு பிறந்தபொழுது சத்திரத்தில் இடமில்லாமற்போன செய்தி யாவரும் அறிந்ததே. அங்கே சத்திரத்தைக் குறிக்க வருஞ்சொல் ‘திவெர்சோரியும்’ என்பது. பயணி பெருவழியைவிட்டு விலகி, இரவைக் கழிக்கத் திரும்பும் இடமே சத்திரம் என்பது அப்பெயரின் கருத்து.

பிரிந்து செல்லுதல் என்ற பொருளின் தடமும் உண்டு. ‘திவோர்த்தியும்’ என்பது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தையும், மலைமுகட்டில் நீர் இருபுறமாகப் பிரிந்தோடும் இடத்தையும் குறித்தது. சிசரோ தம் கடிதமொன்றிற் சிரியாவையும் சிலிசியாவையும் பிரிக்கும் மலையைப் பற்றிக் கூறுமிடத்து, நீர் பிரியும் அவ்விடத்தை இச்சொல்லாற் குறிப்பிட்டிருக்கின்றார். கணவனும் மனைவியும் தத்தம் வழியே பிரிந்து செல்வதும் உரோமரின் சட்டத்தில் இப்பெயரையே பெற்றது. இன்றைய ஆங்கிலத்தில் மணவிலக்கைக் குறிக்கும் ‘டிவோர்ஸ்’ இதுவே. தமிழிலும் ‘விலகு’ என்னும் வினையிலிருந்தே மணவிலக்கு என்னும் சொல் அமைந்தது. இரு மொழியாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உவமையைத் தேர்ந்துள்ளனர்.

இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கும் இவ்வினை வந்து சேர்ந்தது. வந்தபொழுது அதன் பொருள் வழிதிருப்புதல் என்பதே. அப்பொருள் இன்றும் வலிமையோடு வாழ்கின்றது. கட்டுநாயக்கவில் இறங்கவேண்டிய விமானம் வானிலைக் கேட்டினால் வேறொரு நிலையத்துக்கு அனுப்பப்படுமாயின், அது ‘டைவேர்ட்’ செய்யப்பட்டது என்பர். வீதி திருத்தப்படும்போது வாகனங்களை மாற்றுப் பாதையிற் செலுத்துவதும் அதுவே.

இப்பொருளின் பெரும் எடுத்துக்காட்டு இலங்கையிலேயே உள்ளது. மகாவலி கங்கை இந்நாட்டின் மிக நீண்ட ஆறு. மத்திய மலைநாட்டில் எழுந்து திருகோணமலைக்கு அண்மையிற் கடலிற் கலப்பது. கண்டிக்கு அருகே பொல்கொல்லை என்னுமிடத்தில் அதன் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு, 1976ஆம் ஆண்டில் நீரின் ஒரு பகுதி வழி திருப்பப்பட்டது. அந்நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, பின்னர் அம்பன் கங்கையிற் சேர்கின்றது. அங்கிருந்து போவத்தன்னையில் மீண்டும் ஒரு பகுதி திருப்பப்பட்டு, கலாவெவப் பக்கத்து வறண்ட வயல்களை நனைக்கின்றது. இத்தகைய வேலைக்குப் பொறியியலார் ஆங்கிலத்தில் இடும் பெயர் ‘டைவேர்ஷன்’.

இவ்வெடுத்துக்காட்டு சொல்லின் உட்கருத்தைத் தெளிவாக்குகின்றது. திருப்பப்பட்ட நீர் அழிவதில்லை, வேறிடத்தைச் சேர்கின்றது. ஒரு வயல் அதனைப் பெறும்போது, பழைய வழியில் அந்நீர் குறைகின்றது. ஆதலின் இவ்வினை எங்கு வரினும் மூன்று செய்திகள் உடன்வரும்: முன்பிருந்த வழி ஒன்று, புதிதாக அமைந்த வழி ஒன்று, திருப்பிவிட்ட கை ஒன்று.

இவ்விடத்தில் ‘அவேர்ட்’ என்னும் அதன் உடன்பிறப்பையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முன்னொட்டு ஒன்றே வேறு. பொருளோ பெரிதும் மாறுபடும். ‘அவேர்ட்’ என்பது அப்பால் திருப்பி அகற்றுதல். பார்க்கத் தகாததினின்று கண்ணைத் திருப்பிக்கொள்வதும், வரவிருந்த விபத்தை நேராமற் காப்பதும் அதன்பாற்படும். வெள்ள அபாயத்தை ‘அவேர்ட்’ செய்தார்கள் என்றால் அபாயம் நீங்கிற்று என்பது பொருள். வெள்ளத்தை ‘டைவேர்ட்’ செய்தார்கள் என்றாலோ, வெள்ளம் வேறிடத்துக்குப் போயிற்று என்பதே பொருள். முதல் வாக்கியத்தைக் கேட்ட ஊரார் யாவரும் நிம்மதியடையலாம். இரண்டாவதைக் கேட்டவர், எந்த ஊருக்குப் போயிற்று என்று வினவுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘தடுத்தனர்’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடுவாராயின், கேட்போருக்கு உண்மை மறைந்துபோகும்.

17ஆம் நூற்றாண்டிற் போர்க்கலையாளர் இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். உண்மையிற் தாக்கக் கருதிய இடத்தை விட்டு வேறிடத்தைத் தாக்குவதுபோற் காட்டிப் பகைவரை அங்கே ஈர்ப்பது ‘டைவேர்ஷன்’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டார் 1944ஆம் ஆண்டு சூன் மாதம் 6ஆந் திகதி பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கினர். அதற்குமுன், கலே நகர்ப் பக்கமே இறங்கப்போவதாகச் செருமானியரை நம்பவைப்பதற்கு இறப்பரால் ஆன பொய் டாங்கிகளும் பொய்யான வானொலிச் சமிக்ஞைகளும் பயன்பட்டன. நோர்மண்டியில் இறங்கிய பின்னரும் செருமானியப் படையின் பெரும்பகுதியொன்று கலேப் பக்கத்திலேயே பல வாரங்கள் காத்துக் கிடந்தது. இங்கே திருப்பப்பட்டது ஆறுமன்று, வீதியுமன்று, பகைவனின் கவனம்.

கவனத்தைத் திருப்பலாம் என்ற கருத்துப் பிறந்தபின், கவலையைத் திருப்பலாம் என்ற கருத்துக்கு வருவது ஓரடித் தூரமே. துயரத்தையோ சலிப்பையோ நோக்கி ஓடும் மனத்தை மற்றொன்றின்பால் திருப்பினால் அது இளைப்பாறும், மகிழும். இவ்வாறே ‘டைவேர்ட்’ என்பதற்கு மகிழ்வித்தல் என்ற பொருள் அதே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. 1813ஆம் ஆண்டு வெளிவந்த சேன் ஓஸ்ரினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ என்னும் நாவலில் எலிசபெத் பெனற் என்னும் தலைவி, மாந்தரின் மடமைகளைக் கண்டு தான் நகைப்பதைக் கூற இவ்வினையையே கையாளுகின்றாள். இத்தாலியர் கேட்டு மகிழ்வதற்கான இசை வடிவமொன்றைத் ‘திவெர்த்திமென்டோ’ என்றனர். மோசார்ட் அவ்வடிவிற் பல ஆக்கங்களைச் செய்தார். இன்றைய பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இவ்வினைக்கு மகிழ்வித்தல் என்பதே முதன்மைப் பொருள்.

இவ்வாறு பொருள் மாறியது இவ்வொரு சொல் மாத்திரமன்று. விளையாட்டைக் குறிக்கும் ‘ஸ்போர்ட்’ என்பது ‘டிஸ்போர்ட்’ என்ற நெடுஞ்சொல்லின் குறுக்கம். அதன் மூலப்பொருள் அப்பாற் சுமந்து செல்லுதல், அதாவது மனத்தைக் கடமையினின்று எடுத்துச் செல்லுதல். தமிழில் வழங்கும் ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லோ வேறொரு நோக்குடையது. ஐரோப்பியர் மனம் இடம்பெயர்வதைக் கண்டனர். தமிழர் காலம் கழிவதைக் கண்டனர்.

மனத்தைத் திருப்புவது நன்றா, தீதா? இவ்வினாவை ஆழமாக எழுப்பியவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த இவர், கணிதத்திலும் பௌதிகத்திலும் புகழ்பெற்றவர். இவர் மறைந்தபின் 1670இல் வெளியான ‘பான்சே’ என்னும் சிந்தனைக் குறிப்புகளில் ‘திவெர்த்திஸ்மான்’ பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். அரசனேயாயினும் தனியே விடப்பட்டுத் தன்னைப்பற்றி எண்ண நேர்ந்தாற் துன்புறுவான். ஆகவேதான் வேட்டையும் ஆட்டமும் அரசவைக் கேளிக்கையும் அவனைச் சூழ்ந்திருக்கின்றன என்பது அவர் கருத்து. அவை துயரத்தை ஆற்றுகின்றன. ஆனால் துயரத்தின் காரணத்தை ஆராயவிடாமலும் தடுக்கின்றன. பாஸ்கலின் கடுமையை எல்லோரும் ஏற்கவேண்டியதில்லை. நாள் முழுவதும் உழைத்தவன் மாலையில் ஒரு பாட்டைக் கேட்டு இளைப்பாறுவது குற்றமாகாது. வழிப்போக்கன் சத்திரத்தில் தங்குவது போன்றதே அது. சத்திரத்திற் தங்கியவன் காலையில் மீண்டும் தன் வழியே புறப்பட வேண்டும் என்பதை மாத்திரம் மறத்தல் ஆகாது.

இக்காலத்தில் இச்சொல் அடிக்கடி செவியில் விழுவது பொதுவாழ்வுச் செய்திகளில்தான். பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கிய நிதி ‘டைவேர்ட்’ செய்யப்பட்டது என்றும், மக்களின் கவனம் ‘டைவேர்ட்’ செய்யப்பட்டது என்றும் கூறக் கேட்கின்றோம். சில நாடுகளின் சட்டத்தில், சிறு குற்றஞ் செய்த இளைஞரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமற் சீர்திருத்த வழியிற் செலுத்துவதும் ‘டைவேர்ஷன்’ எனப்படும். முதலிரண்டும் பழிப்பைக் குறிக்க, மூன்றாவது பரிவைக் குறிக்கின்றது. நன்மையோ தீமையோ சொல்லிலே இல்லை. திருப்பிய நோக்கத்திலேயே உள்ளது.

ஆதலின் இவ்வினையைத் தமிழிற் பெயர்ப்பவர், ஒரே சொல்லை எங்கும் ஒட்டிவிடுதல் முறையன்று. ஆற்றுக்கு ‘வழிதிருப்பு’, நிதிக்கு ‘வேறு வழியிற் செலவிடு’, பகைவனுக்குப் ‘போக்குக்காட்டு’, சோர்ந்த மனத்துக்கு ‘மகிழ்வி’ என இடமறிந்து ஆளுதல் வேண்டும். கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. எதிலிருந்து திருப்பப்பட்டது, எதை நோக்கித் திருப்பப்பட்டது, யாருடைய நன்மைக்காகத் திருப்பப்பட்டது என்னும் மூன்று வினாக்களை அவர் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடை கிடைத்தால், சொல்லின் பொருளோடு செய்தியின் உண்மையும் விளங்கும்.