சூட்டில் நின்றுபோகும் எஞ்சின்: காரணம் அறியும் முறை

மும்பையில் செம்பூரிலிருந்து மாதுங்காவுக்குச் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் சயான் சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. தாராவிக்குப் பிரியும் போக்குவரத்தும் இங்குக் கலப்பதால், பகல் வேளைகளில் வண்டிகள் நின்று நின்றே நகர வேண்டியிருக்கிறது. கோடையிலும், மழை ஓய்ந்தபின் வரும் அக்டோபர் வெயிலிலும், பழைய ஜீப் வகை வண்டி ஒன்று இத்தகைய இடத்தில் திடீரென நின்றுவிடுவதுண்டு. ஓட்டுநர் எவ்வளவு முயன்றாலும் எஞ்சின் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் சென்றபின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுகிறது. மறுநாள் காலையில் பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ குற்றம் எதுவும் தென்படுவதில்லை. அனுமானத்தின் பேரில் இன்று பிளக்குகளும், அடுத்த வாரம் காயிலும், அதற்கடுத்த வாரம் கார்புரேட்டரும் மாற்றப்படுகின்றன. செலவு ஏறுகிறது, குறை நீங்குவதில்லை.

இக்குறையால் ஏற்படுவது பண நஷ்டம் மட்டுமன்று. பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் பூஸ்டர் பொருத்தப்பட்ட வண்டிகளில், அவ்வுதவி எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தால் கிடைப்பதாகும். எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை அழுத்துவதற்கு மட்டுமே அது எஞ்சியிருக்கும். பிறகு மிதியைப் பன்மடங்கு வலுவுடன் மிதிக்க வேண்டிவரும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் சக்கரத்தைத் திருப்புவதும் கடினமாகும். நெரிசலான மேம்பாலத்தில் இவ்வாறு நேர்ந்தால் விளையும் அபாயத்தை எவரும் உணரலாம்.

இரண்டே கேள்விகள்

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குத் தக்க அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும் தேவை. அக்கலவையைக் கொளுத்தத் தக்க தருணத்தில் மின்பொறியும் தேவை. ஆகவே, சூட்டில் நின்ற எஞ்சினைக் குறித்து முதலில் எழுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டே: பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? இவற்றுக்கு விடை காண வேண்டிய நேரம், வண்டி நின்ற முதல் சில நிமிஷங்களாகும். எஞ்சின் ஆறியபின் சாட்சியமும் மறைந்துவிடுகிறது.

நின்ற விதமும் ஓரளவு வழிகாட்டும். விளக்கை அணைத்தாற்போல் எஞ்சின் சட்டென நின்றால் பொறியின்மீது ஐயம் கொள்ளலாம். இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றால் பெட்ரோல்மீது ஐயம் கொள்ளலாம். எனினும் இது குறிப்பே அன்றி முடிவன்று.

பெட்ரோல் ஆவியாதல்

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிகளுக்கு 200 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். உதகமண்டலத்தின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிப்பது இதனால்தான்.

பழைய ஜீப்பில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்னாலுள்ள டாங்கியிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சுவதால், இடையிலுள்ள குழாயில் அழுத்தம் குறைகிறது. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று இவற்றைக் குளிர்விக்கிறது. நெரிசலில் அக்காற்று இல்லை; புகைபோக்கிக் குழாயின் சூடு பம்பையும் குழாயையும் தாக்குகிறது. குழாயினுள் ஆவிக் குமிழ்கள் உண்டானால், திரவத்தைத் தள்ள அமைந்த பம்பு ஆவியை அழுத்தி விரித்துக் காலங்கழிக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் செல்லாது. இதுவே ஆவி அடைப்பு எனப்படுவது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சூடான எஞ்சினை நிறுத்தியவுடன் விசிறியும் நீர்ப் பம்பும் நின்றுவிடுவதால், பானெட்டின் கீழ் வெப்பம் சற்று நேரம் ஏறவே செய்யும். அப்போது கார்புரேட்டர்க் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்தால், கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் கிளம்ப மறுக்கும். முன்னதில் பெட்ரோல் போதாது, பின்னதில் மிகை. பின்னதில் பெட்ரோல் வாடை வீசும்.

இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அதன் அளவு 2022இல் நூற்றுக்குப் பத்தையும், 2025இல் இருபதையும் எட்டியது. எத்தனால் தனியே எளிதில் ஆவியாகாவிடினும், பெட்ரோலுடன் இவ்வளவில் கலக்கும்போது கலவையின் ஆவி அழுத்தத்தை உயர்த்துகிறது. பழைய பம்புகளின் ரப்பர் உதரவிதானத்தையும் அது பாதிக்கக்கூடும். ஆகவே பழைய வண்டிகளில் இப்பகுதியைக் கூடுதல் கவனத்துடன் சோதித்தல் நலம்.

பொறி தவறுதல்

காயில் என்பது மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியமைத்த கருவி. கம்பியில் நுண்ணிய முறிவு இருந்தால், குளிர்ந்த நிலையில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்து விலகும். மேற்பூச்சு பழுதடைந்திருந்தால் சூட்டில் மின்சாரம் குறுக்கே பாயும். டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள கண்டென்சரும் இவ்வாறே சூட்டில் தவறலாம்.

மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சப்படும் பிற்கால வண்டிகளில், கிராங்க் தண்டின் சுழற்சியை உணர்த்தும் சென்சார் ஒன்று உண்டு. அதன் ஒரு வகையிலும் கம்பிச்சுருளே இருப்பதால் இதே குறை நேர்கிறது. இங்கு ஓம்மீட்டர் பயன்படும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் உயரும். எனவே 20 டிகிரியில் 500 ஓம் காட்டும் சுருள், 100 டிகிரியில் ஏறத்தாழ 660 ஓம் காட்டுவது இயல்பே. தடை அளவிறந்து உயர்ந்தால் மட்டுமே சுருள் முறிந்ததென்று கொள்ளலாம்.

வெப்பம்போல் தோன்றும் வேறொன்று

டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு உறிஞ்ச இயலாமற்போகும். சற்று நேரத்தில் காற்று கசிந்து உட்புக, வண்டி மீண்டும் ஓடும். பார்ப்பவருக்கு இது சூட்டின் குறையாகவே தோன்றும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே சீறிப் பாயும் ஓசை கேட்குமாயின், காரணம் செலவின்றித் தெரிந்துவிடும்.

சோதனை வரிசை

வண்டியை ஓரத்தில் நிறுத்தி, முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். எஞ்சினே மிகச் சூடேறியிருந்தால் ரேடியேட்டரையும் விசிறியையும் கவனிக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. வெப்பம் இயல்பாயிருப்பின், டாங்கி மூடியைத் திறந்து மூடவும். பிறகு கார்புரேட்டரைத் திறக்குமுன் பொறியைச் சோதிக்கவும். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் பொறி எழுப்புவது தீ விபத்துக்கு வழிகோலும். உபரிப் பிளக் ஒன்றைக் கம்பியில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் உறுதியாகப் படும்படி வைத்து, கையால் தொடாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், நீலப் பொறி தெறிக்க வேண்டும். அடுத்து, ஸ்விட்சை அணைத்து, காற்று வடிகட்டியை அகற்றி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் செய்து கார்புரேட்டரினுள் நோக்கவும். பெட்ரோல் பீய்ச்சாவிடில் பற்றாக்குறை. உள்ளே நனைந்து வழிந்தால் மிகை.

ஓட்டுநர்கள் பம்பின்மீது ஈரத் துணியைச் சுற்றுவது பழைய வழக்கம். வண்டி கிளம்பினால் பம்புதான் காரணம் என்று முடிவு செய்கின்றனர். துணி சுற்றிய நேரத்தில் காயிலும் ஆறியிருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஐயத்தை நீக்குவது எதிர்ச் சோதனையே. காலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலைமுடி உலர்த்தும் சாதனத்தால் காயிலை மட்டும் சூடேற்ற வேண்டும். எஞ்சின் நின்று, பொறியும் அற்று, ஆறியபின் மீண்டும் கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டதாகும். பெட்ரோல் செல்லும் பாகங்களில் இச்சோதனையைச் செய்தல் கூடாது.

ஆவி அடைப்பு என்று உறுதியானால், குழாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி அமைத்தல், இடையே தகடு பொருத்துதல், டாங்கியின் அருகே மின்சாரப் பம்பு வைத்தல் ஆகியவை தக்க பரிகாரங்களாகும். மின்சாரப் பம்பு பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளுவதால் குழாயில் அழுத்தம் உயர்ந்து, கொதிநிலையும் உயர்கிறது.

வண்டியில் சிறு குறிப்பேடு ஒன்று வைத்து, நின்ற நேரம், வேகம், டாங்கியிலிருந்த பெட்ரோல் அளவு, பொறி வந்ததா, எத்தனை நிமிஷங்களில் கிளம்பியது என்பவற்றை ஓட்டுநர் எழுதி வருவாராக. மூன்று நான்கு பதிவுகள் சேர்ந்தபின் பட்டறைக்குச் சென்றால், மாற்ற வேண்டிய பாகம் எது என்பதை மெக்கானிக் அனுமானமின்றிக் கூற இயலும்.