பூனை தன் மணற்பெட்டியைத் துறப்பது ஏன்?

வீட்டுப் பிராணிகளுள் சுத்தத்துக்குப் பெயர் பெற்றது பூனை. நாவினாலேயே தன் உடல் முழுவதையும் துடைத்துக்கொண்டு, மலஜலம் கழித்த இடத்தை மண்ணிட்டு மூடி, மூடியபின் ஒருமுறை முகர்ந்து பார்த்துத் திருப்தியடைந்த பிறகே அவ்விடத்தைவிட்டு அகலும் அந்தப் பிராணி, மூன்று நான்கு வருஷங்கள் ஒழுங்காகத் தன் மணற்பெட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் சோபாவின் மூலையிலோ, துவைத்து மடித்து வைத்த துணிகளின் மேலோ, படுக்கையின் நடுவிலோ சிறுநீர் கழித்துவிட்டால், வீட்டார் அதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ‘எல்லாம் திமிர்.’ நேற்று அதட்டினோம், இன்று பழிவாங்குகிறது என்பார்கள். ஊருக்குப் போய்விட்டு வந்தோம், கோபத்தைக் காட்டுகிறது என்பார்கள். தீர்ப்புக்குப் பின் தண்டனையும் வருகிறது. முதலில் அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்ப்பார்கள். பிறகு துடைப்பத்தை ஓங்குவார்கள். பிறகு பால்கனியில் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். எதற்கும் பலனில்லாதபோது, ஓர் இரவு சாக்கில் போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். பிறந்தது முதல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு அந்த மார்க்கெட்டில் தெரு நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே எத்தனை நாள் உயிர் தரித்திருக்க முடியும் என்பதைக் கொண்டுபோய் விட்டவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பூனைக்குச் சிறுநீரைக் கொண்டு பழிதீர்க்கத் தெரியாது என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நமக்குத் துர்நாற்றமாகத் தோன்றுவது பூனைக்குத் தன் சொந்த அடையாளம். அதை ஒருவர் மேல் அவமானமாகப் பூச வேண்டும் என்ற எண்ணம் அதற்கு உதிக்க இடமே இல்லை. அது பெட்டியைத் துறக்கிறது என்றால், ஒன்று உடம்பில் ஏதோ உபாதை இருக்கிறது, அல்லது பெட்டியிலோ வீட்டிலோ அதனால் சகிக்க முடியாத ஏதோ ஒன்று நேர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை, பேச்சுள்ளவர்களாகிய நம்முடையது.

முதலில் பூனையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் ஃபெலிஸ் லிபிகா என்னும் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் மனிதரின் கல்லறை ஒன்றுக்கு அருகிலேயே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு ஒன்றைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தார்கள். அதன் காலம் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இத்தனை நீண்ட சகவாசத்துக்குப் பிறகும் பாலைநிலத்து இயல்புகள் இரண்டு பூனையைவிட்டு அகலவில்லை. ஒன்று, தாகம் குறைவு. இரையிலுள்ள ஈரத்தைக் கொண்டே வாழப் பழகிய உடம்பாகையால், அது குடிக்கும் தண்ணீர் சொற்பம், சிறுநீரோ மிகவும் கெட்டியானது. மற்றொன்று, கிளறினால் கிளறப்படும் உலர்ந்த, இளகிய மண்ணின் மேல் அதற்குள்ள விருப்பம். பிறந்த குட்டிக்குத் தாய் நக்கிக் கொடுத்தால்தான் மலஜலம் கழியும். மூன்று நான்கு வாரங்கள் ஆனதும் யாரும் கற்பிக்காமலே அது மண்ணைக் கிளறத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பருவத்தில் பாதத்துக்குப் பழகிய மண் எதுவோ அதையே பின்னாளிலும் அது நாடும்.

இந்த இயல்பின் மேல் கட்டப்பட்டதுதான் மணற்பெட்டி. பழைய நாட்களில் மேல்நாட்டு வீடுகளில் பூனைக்குச் சாம்பலையோ ஆற்று மணலையோ மரத்தூளையோ தட்டில் போட்டு வைப்பது வழக்கம். 1947-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், குவித்து வைத்திருந்த மணல் உறைந்துபோய்விட்டதென்றும், சாம்பலைப் போட்டால் பூனை வீடெங்கும் கரித்தடம் பதிக்கிறதென்றும் முறையிட்டு வந்த அண்டை வீட்டு அம்மையாருக்கு, எட்வர்ட் லோ என்னும் இளைஞர் தம்மிடமிருந்த, எண்ணெய்க் கறையை உறிஞ்சுவதற்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். நம் கடைகளில் முகத்துக்குப் பூச முல்தானி மட்டி என்று விற்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த களிமண் அது. அந்த அம்மையார் அதன்பிறகு வேறெதையும் கேட்கவில்லை. லோ அதையே பைகளில் அடைத்து விற்றுப் பெருஞ்செல்வரானார். நனைந்த இடம் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பென்டோனைட் களிமண் 1980-களில் வந்தது. இன்று நம் நகரங்களில் ‘லிட்டர்’ என்று கிலோக் கணக்கில் விற்பது பெரும்பாலும் அதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில் ஒரு பூனை பிறந்து வளர்ந்து மூப்படைய முடிகிறதென்றால் அது இந்தப் பெட்டியின் உபகாரம். அந்தப் பெட்டி ஒன்றே அதற்கு வாய்த்த பூமி என்பதையும் மறக்கலாகாது.

இனி உபாதைகளுக்கு வருவோம். மற்றக் காரணங்களையெல்லாம் ஆற அமர ஆராயலாம். இதை மட்டும் அப்படி ஆராய நேரமிருக்காது. கடுவன் பூனை ஒன்று பெட்டிக்குள் ஏறி, மணலைப் பறித்து, பின்கால்களை மடக்கிக் குந்துகிறது. வயிறு இறுகுகிறது, வால் மெல்ல நடுங்குகிறது, ஒரு நிமிஷம் ஆகிறது, இரண்டு நிமிஷம் ஆகிறது. அது இறங்கிய பிறகு பார்த்தால் மணல் உலர்ந்தே கிடக்கிறது, அல்லது இரண்டு சொட்டு, அதுவும் செந்நிறமாக. சற்று நேரத்தில் குளியலறையின் குளிர்ந்த தரையில் போய்க் குந்துகிறது. பிறகு சமையலறைத் தொட்டியில். பிறகு பெட்டியிலேயே மறுபடியும். இடையிடையே தன் குறியை விடாமல் நக்கிக்கொள்கிறது, ஈனசுரத்தில் கத்துகிறது. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் அதன் மூத்திரக் குழாய் அடைபட்டிருக்கலாம். பெட்டையைவிடக் கடுவனின் மூத்திரக் குழாய் நீண்டது, குறுகியது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து சிறு தக்கையாகி அதை அடைத்துவிடுகின்றன. வெளியேற வழியின்றிச் சிறுநீர் தேங்கத் தேங்கச் சிறுநீரகம் செயலிழக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயத்தைத் தாக்குகிறது. வாந்தியெடுத்து, உணவை வெறுத்து, கட்டிலுக்கடியில் சுருண்டு படுத்துவிடும் அந்தப் பூனைக்குச் சிகிச்சை கிட்டாவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் மரணம் நேரும். ஆகவே, கடுவன் பூனை முக்கிக்கொண்டேயிருந்து சிறுநீர் வரவில்லை என்று கண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், அந்த நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வலிக்காக மனிதர் விழுங்கும் பாரசிட்டமாலை அதற்குக் கொடுக்கவே கூடாது; ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதும்.

அடைப்பு இல்லாமலே மூத்திரப்பை அழற்சி காண்பதும் மிகச் சாதாரணம். இதில் விசேஷம் என்னவென்றால், நடுவயதுக்குட்பட்ட பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சோதனை செய்து பார்த்தால் கிருமியும் கிடைப்பதில்லை, கல்லும் கிடைப்பதில்லை. மனக்கலக்கமே மூத்திரப்பையில் புண்ணாக இறங்குகிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் அவர் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இந்த நோயுள்ள பூனைகள் 20-ஐயும், ஆரோக்கியமான பூனைகள் 12-ஐயும் 77 வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமாகத் தீனி போடுகிறவர் மாறியபோதும், தீனி வேளை பிசகியபோதும், வாந்தியெடுப்பதும் உண்ண மறுப்பதும் பெட்டிக்கு வெளியே மலஜலம் கழிப்பதும் அதிகரித்தன. நோயுள்ள பூனைகளில் மட்டுமல்ல, யாதொரு குறையுமில்லாத பூனைகளிலும் அப்படியே. ஊருக்குப் போய்விட்டு வந்த வீட்டார் கண்ட ‘கோபம்’ எது என்பது இப்போது விளங்கும்.

உபாதையின் காரணம் எதுவானாலும், பெட்டிக்கு அதனால் ஒரு பழி சேர்ந்துவிடுகிறது. பெட்டியில் குந்தும்போதெல்லாம் எரிச்சல் கண்ட பூனை, எரிச்சல் பெட்டியிலிருந்துதான் வருகிறதென்று முடிவு செய்கிறது. நோய் நீங்கிய பிறகும் அந்தப் பயம் நீங்காமல், மெத்தையோ கம்பளமோ மிருதுவான வேறோர் இடத்தைத் தேடுகிறது.

மூப்படைந்த பூனைகளின் கதை வேறு. 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பரிசீலித்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. பூனை வலியை வெளிக்காட்டும் பிராணியன்று, நொண்டாது, முனகாது. பெட்டியின் விளிம்பருகே வந்து நிற்கும், முன்காலைத் தூக்கி விளிம்பில் வைக்கும், எடுத்துவிடும், பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் கழித்துவிட்டுப் போகும். அத்தகைய பூனைக்குப் பெட்டியின் ஒரு பக்கத்துச் சுவரைத் தரையிலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு வெட்டிக் கொடுத்தாலே போதும், அது உள்ளே நடந்து செல்லும். சிறுநீரக நோயும் நீரிழிவும் தைராய்டு மிகுதியும் மூத்த பூனைகளைப் பீடிக்கும் வியாதிகள். அவற்றால் சிறுநீரின் அளவு பெருகி, பெட்டி நாம் சுத்தம் செய்வதற்கு முன்பே நிறைந்துவிடுகிறது. தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா என்று கவனித்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உடம்பில் குறையொன்றும் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால், அடுத்துப் பெட்டியைப் பார்க்க வேண்டும். பூனை அதிருப்தியை மறைப்பதில்லை. உள்ளே இறங்காமல் விளிம்பின் மேல் நான்கு கால்களையும் ஊன்றிச் சமாளித்துக்கொண்டு நிற்பதும், மணலை விட்டுவிட்டுப் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரைச் சுரண்டுவதும், காரியம் முடிந்ததும் மூடாமலே பாய்ந்து ஓடுவதும், மணலைத் தொட அதற்கு மனமில்லை என்பதன் அடையாளங்கள். காரணம் பெரும்பாலும் சுத்தமின்மையே. தினம் ஒருமுறையாவது கட்டிகளை அள்ளிவிட வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால், டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமியை முன்னிட்டு அவ்வேலையை வேறொருவர், அதையும் தவறாமல் தினந்தோறும், செய்வது உத்தமம். அடிக்கடி அள்ளியும் பூனை முகம் திருப்பினால், வாசனையைச் சந்தேகிக்கலாம். ரோஜா, லாவண்டர் என்று மணமூட்டிய மணல் வாங்குகிறவருக்காகத் தயாரிக்கப்படுவது; பெரும்பாலான பூனைகள் விரும்புவது நுண்ணிய, மணமற்ற, கட்டியாகும் மணலையே. பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கி விழுங்கிவிடும். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும்.

பெட்டியின் அளவைப் பற்றி நம் கடைக்காரர்களுக்கு அக்கறையில்லை. மூக்கு முதல் வாலின் அடிவரை உள்ள நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பூனைப் பெட்டி என்று விற்பவற்றில் பல, குட்டிகளுக்கே சரியாகும். இடமோ அதனினும் முக்கியம். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்த பெட்டியில் பூனை குந்தியிருக்கும்போது மெஷின் ஒருமுறை அதிர்ந்தால், மறுமுறை அது அங்கே போகாது. தீனித் தட்டுக்கு அருகிலும் வைக்கக் கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி அதிகமாக, வெவ்வேறு அறைகளில் வைக்க வேண்டும் என்பது விதி. இதை வீண் செலவு என்று நினைப்பவர், பெரிய பூனை ஒன்று கூடத்துக்குச் செல்லும் நடையில் ஒன்றும் அறியாததுபோல் நீட்டிப் படுத்திருக்க, சிறிய பூனை கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதைக் கவனித்திருக்க மாட்டார். சண்டையில்லை, சீறலில்லை, ஆனால் வழி அடைபட்டுவிட்டது.

சுவரில் பீய்ச்சுவது முற்றிலும் தனி விஷயம். நின்றபடியே, பின்புறத்தைச் சுவருக்கோ திரைச்சீலைக்கோ காட்டி, வாலை நிமிர்த்தி அது துடிக்கக் கொஞ்சமே தெளித்துவிட்டுப் போவது மூத்திர விசர்ஜனமன்று, எல்லை குறிப்பது. ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் அயல் கடுவன் ஒன்று நடமாடத் தொடங்கியிருந்தால், வீட்டுப் பூனை அந்த ஜன்னலுக்குக் கீழேயே தெளிப்பதைக் காணலாம். கருத்தடை அறுவைக்குப் பின் இப்பழக்கம் பெரும்பாலானவற்றில் மறைந்துவிடுகிறது. ஏறத்தாழப் பத்துக் கடுவன்களில் ஒன்றிலும், இருபது பெட்டைகளில் ஒன்றிலும் நீடிக்கக்கூடும். அத்தகையவற்றுக்கு ஜன்னலின் கீழ்ப்பாதியைத் தாள் ஒட்டி மறைத்தாலே பலன் தெரிவதுண்டு.

அசுத்தமான இடத்தைத் துடைப்பதிலும் சூட்சுமம் உண்டு. பூனையின் சிறுநீரிலுள்ள ஃபெலினைன் என்னும் பொருள் நாளாக ஆகச் சிதைந்து, கந்தகம் கலந்த அந்தப் பிரசித்தமான நெடியை உண்டாக்குகிறது. நம் மூக்குக்கு மறைந்துவிட்ட நெடி பூனைக்கு மறைவதில்லை, அதே இடத்துக்கு அதை மீண்டும் அழைக்கிறது. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் வாடையையே ஒத்திருப்பதால் கெடுதலைப் பெருக்கும். பிராணிகளுக்கென விற்கும் நொதி கலந்த திரவத்தைக் கறை முழுவதும் ஊறும்படி ஊற்றித் தானாக உலர விடுவதே சரியான முறை. அதட்டலால் பிரயோஜனமே இல்லை. அதட்டப்பட்ட பூனை, நாம் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் மறைவிடம் தேடும். கலக்கம் கூடக் கூட மூத்திரப்பையும் மறுபடி புண்ணாகும்.

பூனையைப் பெட்டிக்குத் திரும்ப அழைப்பதற்கு அதன் விருப்பத்தைக் கேட்டறிவதே வழி. இரண்டு அகன்ற தட்டுகளை அருகருகே வைத்து, ஒன்றில் களிமண் மணலும் மற்றொன்றில் சலித்த ஆற்று மணலோ மரத்தூளோ இரண்டு அங்குல ஆழம் பரப்பி, எதை நாடுகிறதென்று ஒரு வாரம் பார்க்கலாம். படுக்கையறை மூலைக்கே அது திரும்பத் திரும்பப் போகுமானால், கொஞ்ச காலத்துக்குப் பெட்டியை அந்த மூலையிலேயே வைத்துவிட வேண்டும். சில வாரங்கள் தவறாமல் அதில் போய்ப் பழகிய பின், நாளுக்கு ஒரு சாணுக்கு மேற்படாமல், நமக்குச் சௌகரியமான இடத்தை நோக்கி நகர்த்தலாம். வழியில் எங்கேனும் அது தயங்கினால், பெட்டியை இரண்டு சாண் பின்னுக்குக் கொண்டுவந்து, இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குமேல் வர மறுத்தால் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.