வெள்ளத்திற் கெட்ட நிலத்தை மீட்டல்

பயிர் அழிந்தால் ஒரு போகத்தின் வருமானம் போகும். நிலம் கெட்டால் வரும் போகங்களின் வருமானமும் போகும். கெட்ட நிலத்தைத் திருத்தும் செலவு பெரும்பாலும் தனியொரு கமக்காரரின் சக்திக்கு மேற்பட்டது. இதனாலேயே ஐக்கிய அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் கமக்கடன் சட்டத்தின் கீழ் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் நடைபெற்று வருகின்றது.

நெப்ராஸ்கா வெள்ளம்

2019 மார்ச் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்திற் பெருமழை பெய்தது. நிலம் உறைந்திருந்தமையால் மழைநீரும் உருகிய பனியும் மண்ணுட் சுவறாது ஆறுகளிற் பாய்ந்தன. மார்ச் 14ஆம் திகதி நயோபிராரா ஆற்றின் ஸ்பென்சர் அணை உடைந்தது. வெள்ளம் வடிந்தபின் மாநிலத்தின் ஆற்றோர நிலங்களில் மணலும் மரக்கட்டைகளும் பனிக்கட்டிப் பாளங்களும் குவிந்து கிடந்தன. மேய்ச்சல் நிலங்களின் வேலிகள் அள்ளுண்டு போயின. சோளம் விதைக்கும் பருவத்திற்கோ ஏறக்குறைய ஆறு வாரங்களே இருந்தன.

எவற்றிற்கு உதவி கிடைக்கும்?

இத்திட்டம் அழிந்த பயிருக்கு நட்டஈடு வழங்குவதன்று. நிலத்திற் குவிந்தவற்றை அகற்றல், அரிப்புண்ட நிலத்தை மட்டப்படுத்தல், நிலையான வேலிகளையும் மண் காப்பு அமைப்புகளையும் திருத்தல், கடும் வரட்சியில் கால்நடைகளுக்கு நீர் வழங்கல் ஆகியவற்றிற்கே உதவி உண்டு.

செலவில் நூற்றுக்கு 75 வீதம் வரை அரசாங்கம் ஏற்கும். வசதி குறைந்தோருக்கும் புதிதாகத் தொழில் தொடங்கியோருக்கும் 90 வீதம் வரை கிடைக்கும். எஞ்சிய பங்கு கமக்காரருடையது. 2018ஆம் ஆண்டின் சட்டம், வேலி திருத்துவோர் 25 வீதத்தை முற்பணமாகப் பெறவும் இடமளித்தது. அப்பணத்தை 60 நாட்களுக்குட் செலவிடாதவர் திருப்பிச் செலுத்தல் வேண்டும்.

யார் தீர்மானிப்பர்?

மாநிலத்தின் உட்பிரிவு கவுண்டி எனப்படும். அங்குள்ள கமக்காரர் தம்முள் தெரிந்தெடுக்கும் குழுவொன்று நிலத்தைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடும். சேதம் புதிதாக நேர்ந்ததாகவும், திருத்தாது விட்டால் நிலத்தின் விளைதிறனைக் குறைப்பதாகவும், அரசாங்க உதவியின்றித் திருத்த இயலாததாகவும் இருத்தல் வேண்டும்.

அவசரமும் பொறுமையும்

பருவம் நெருங்குகையில் உடனே மணலை அள்ளி உழவே கமக்காரர் விரும்புவர். ஆயினும் விண்ணப்பித்து அனுமதி பெறுமுன் செய்த வேலைக்குப் பொதுவாகக் கொடுப்பனவு கிடைப்பதில்லை. விண்ணப்பித்தவர்க்கும் பணம் உடனே வருமென்பதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நிதி ஒதுக்கிய பின்னரே அது கிடைக்கும். காத்திருந்தால் ஒரு போகம் தவறலாம். காத்திராவிடில் உதவி தவறலாம்.

ஆதலின், வெள்ளம் வடிந்ததும் கமக்காரர் செய்யவேண்டிய முதல் வேலை கவுண்டி அலுவலகத்திற்கு அறிவித்தலாகும். மண்ணைத் தொடுமுன் சேதத்தைப் படம் பிடித்தலும், பின்னர் கூலி, எரிபொருள், கம்பி முதலியவற்றின் பற்றுச்சீட்டுகளைப் பேணுதலும் அவசியம். இவ்வாறு செய்தவர் உதவி தாமதித்து வரினும் தமக்குரிய பங்கை இழக்கும் வாய்ப்புக் குறைவு.